ஹோட்டலிலிருந்து எத்தனை கிலோமீற்றர்?

முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற கடை. கண்ணாடி அலமாரிக்குள் மீன் பணிஸ், ரோல்ஸ், பின்னால் கொத்து ரொட்டி தட்டும் சத்தம், "ஒரு பிளேன்டி" (பால் விடாத தேத்தண்ணி) என்று உள்ளே பார்த்துக் கத்தும் பையன். இரவு தங்குகிற இடத்துக்கு லொட்ஜ், ரெஸ்ட் ஹவுஸ் என்று வேறு பெயர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் சென்னை நண்பர் தொலைபேசியில் "பதுளையில நல்ல ஹோட்டலா ஒண்ணு பாத்து வைங்க" என்றபோது, பஸ் நிலையத்துப் பக்கம் எந்தக் கடையில் கொத்து நன்றாக இருக்கும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க ரூம் இருக்கா?" என்றார்.

அவரும் மனைவியும் 'மலையகம் 200' நடைபயணம் மாத்தளையில் முடிவதைப் பார்க்க வந்தவர்கள். தலைமன்னாரில் தொடங்கிய நடை. 1823 முதல் தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கிக் காட்டுவழியே நடந்த எங்கள் முப்பாட்டன்மார் நினைவாக, இருநூறு வருடம் கழித்து அதே திசையில் நடந்தார்கள். அது முடிந்ததும், "உங்க ஊரைக் காட்டுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இருபது வருடமாகக் கொழும்புவாசி. பிறந்தது பசறை வீதிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு), படித்தது பதுளை சரஸ்வதியில். ஆனால் பதுளையில் காசு கொடுத்து அறை எடுத்துத் தங்கியது அதுதான் முதல் தடவை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த வரவேற்பு மேசைப் பையன், பிறந்த இடம் என்ற வரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் சாவியைத் தந்தான். அவன் கேட்டிருக்கலாம்.

மேசைமேல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் இருந்தது. அருகிலுள்ள பார்வையிடங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஹோட்டலிலிருந்து தூரம். முதியங்கன விகாரை, துன்ஹிந்த, போகொட மரப்பாலம், தெமோதர, ஒன்பது வளைவுப் பாலம், அடிஷாம் பங்களா, லிப்டன் இருக்கை, தியலும. நண்பரின் மனைவி உடனே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து நாளும் எங்களுக்கு அதுதான் பஞ்சாங்கம்.

பதுளை மாநகரம் ஒன்றுமில்லை, ஊவா மாகாணத் தலைநகர் என்ற பட்டம் மட்டும் உண்டு. சுற்றிலும் மலை, நடுவே கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும் பதுளு ஓயா. உயரம் 680 மீற்றர் அளவுதான். மலைநாடு என்று நம்பி ஸ்வெட்டர் கொண்டுவந்த நண்பரின் மனைவி முதல்நாள் மத்தியானமே அதைப் பைக்குள் போட்டுவிட்டு, "இதுக்கு நாங்க வேலூருக்கே போயிருக்கலாம்" என்றார். ஆகஸ்டில் இங்கே மழையும் இருக்காது. தென்மேற்குப் பருவமழை நுவரெலியாப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குவது ஈரம் பிழிந்த வெறுங்காற்று. கச்சான் என்போம். அந்தக் காற்றைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டும்.

முதியங்கன விகாரைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. வெறுங்காலோடு நடக்க வேண்டும், தரை சுடும். புத்தர் மூன்றாம் முறை இலங்கை வந்தபோது நின்ற இடம் என்று பௌத்த மரபு சொல்லும் பதினாறு தலங்களில் இது ஒன்று. பள்ளிக்கூட நாட்களில் எங்களுக்கு அது, போயா தினங்களில் தன்சல் வரிசையில் நின்று இலவசச் சோறு சாப்பிட்ட இடம். நண்பரிடம் இரண்டையும் சொன்னேன். அவர் இரண்டாவதைத்தான் குறித்துக்கொண்டார்.

தாளில் இல்லாத இரண்டு இடங்களுக்கு நானாகக் கூட்டிப் போனேன். ஒன்று புனித மாற்கு தேவாலயம். சின்ன அங்கிலிக்கன் கோவில், 1857இல் திறந்தது. உள்ளே மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு நினைவுக்கல். பதுளையை ஆண்ட அதிகாரி, ஊவாவில் ரோடு போட்டவர், அத்தோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். "ஆயிரமா?" என்று நண்பர் மூன்று தடவை கேட்டார். அந்தக் காலத்தில் யானை சுட்டவருக்குக் கோவில், யானை திரிந்த காட்டை வெட்டியவனுக்குப் பிரம்படி. சின்ன வயதில் அந்தக் கல்லைப் பார்த்தபோது இந்தக் கணக்கு எனக்குப் படவில்லை, மின்னல் மட்டும்தான் பிடித்திருந்தது.

மற்றது பொது நூலக வளவில் நிற்கும் பதுளைத் தூண் கல்வெட்டு. பத்தாம் நூற்றாண்டு, நான்காம் உதயன் காலம். மகியங்கனைப் பக்கம் சொரபொர குளத்தருகே கிடந்ததைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். ஹோபிட்டிகம என்ற சந்தையில் அதிகாரிகள் வியாபாரிகளிடம் முறைகெட்டு வரி வாங்கக்கூடாது, ஒழுங்கான நிறையும் அளவும்தான் பாவிக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் வெட்டியிருக்கிறது. அரசன் வந்தபோது சந்தைக்காரர்கள் முறையிட்டு வாங்கிய ஆணை. சாதாரண மனிதர் முறைப்பாடு கல்லில் ஏறியது அபூர்வம். எனக்குப் பதுளையில் ஆகப் பிடித்த பொருள் இந்தக் கல்தான். சுற்றுலாத் தாளில் போடாமல் விட்டதும் நல்லதுக்கே, பக்கத்தில் செல்பி எடுக்க வரிசை இல்லை.

செவ்வாய்க்கிழமை துன்ஹிந்த. நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர், பிறகு ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளு ஓயா குதிக்கும் இடம். மழைக்காலத்தில் கீழே புகை மூட்டம் போட்டதுபோல் திவலை எழும், பெயரே அதைவைத்து வந்தது. ஆகஸ்டில் மெலிந்துபோய் நின்றது. வழிநெடுக பெலிமல் தண்ணி விற்பவர்கள், பையைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள். அவ்வளவுதான். துன்ஹிந்தவைப் பார்க்க வேண்டுமானால் மார்கழியில் வாருங்கள்.

அதைவிட ஹாலிஎலைக்கு உள்ளே இருக்கும் போகொட மரப்பாலம் மனதில் நின்றது. ஆற்றுக்கு மேலே ஓடு வேய்ந்த கூரையோடு ஒரு மரப்பாலம், பாலமா மண்டபமா என்று தெரியாதபடி. கண்டி ராச்சியத்து வேலைப்பாடு. பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய வழி இதன்மேல்தான் போனது. கைப்பிடித் தூண்கள் கடைசல் பிடித்தவை. சுமை தூக்கி வருபவன் மழைக்கு ஒதுங்கி நிற்கட்டும் என்று ஒரு பாலத்துக்குக் கூரை போட நினைத்தவன் யாரோ, அவனுக்குக் கும்பிடு. நண்பரின் மனைவி பாலத்திலேயே கால்நீட்டி உட்கார்ந்து அரைமணி நேரம் எழும்பவில்லை. கீழே சின்னப் பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. எங்களை ஏற்றிப்போன த்ரீவீல்காரத் தம்பி, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். ஹாலிஎலை தாண்டியதும், "அண்ணே, நீங்க நம்ம மேல் டிவிசன் கணக்கப்பிள்ள வீட்டு அண்ணன் இல்ல?" என்றான். மாட்டிக்கொண்டேன். என் தோட்டத்துப் பையன். அன்று இரவு எட்டு மணிக்குப் போன். சித்தி.

"ஹோட்டல்லயாமே."

"இல்ல சித்தி, கூட்டாளிங்க வந்திருக்காங்க, அதான்…"

"சொந்த ஊர்ல ஹோட்டல்ல."

கேள்வியாகக்கூட இல்லை. நான் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். "வா" என்று வைத்துவிட்டார்.

இடையில் புதன்கிழமை பெரிய பயணம் இருந்தது. விடியற்காலைக் கோச்சியில் அப்புத்தளை. கோச்சி என்றதும் நண்பர் கேரளாவா என்று கேட்டார். ரயிலுக்கு எங்கள் சொல் அது. பண்டாரவளை வரை தண்டவாளம் 1894இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் முப்பது வருடம் பிடித்தது, 1924. முப்பது கிலோமீற்றர் சொச்சத்துக்குள் ஏறக்குறைய 570 மீற்றர் இறங்க வேண்டும், ரயிலோ 44 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிவு தாங்காது. அதனால்தான் தெமோதரையில் பாதை தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகிறது. பதுளையிலிருந்து போகிறவர்கள் முதலில் சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, மலையைச் சுற்றி ஏறி, தாம் சற்றுமுன் நுழைந்த ஓட்டைக்கு மேலே வந்து நிற்பார்கள். என்ஜினியர் வழி தெரியாமல் மலையைப் பார்த்து நின்றபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினானாம். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். உண்மையோ பொய்யோ, தண்டவாள வேலையில் செத்த எங்கள் ஆட்களில் கதைக்குள் நுழைந்தது அந்த ஒரு தலைப்பாகைதான்.

தெமோதரைக்கும் எல்ல ஊருக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம். இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. சிங்களத்தில் அதை ஒன்பது ஆகாயத்துப் பாலம் என்றும் சொல்வார்கள். அடியில் நின்று பார்த்தால் வளைவுக்கு ஒன்றாக ஒன்பது வானம் தெரியும், அதனால். பெயரின் அழகுக்கு முன்னால் பாலம் கொஞ்சம் தோற்றுத்தான் போகிறது. நாங்கள் கடந்தபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை, அதற்குள் தேயிலைக்குள் கூட்டம். எல்ல என் சின்ன வயதில் நாலு கடையும் ஒரு ரெஸ்ட் ஹவுசும். இப்போது பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் எந்த நாடென்றே தெரியாது. குறை சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்துக்கூடை தூக்க விரும்பாத பிள்ளைகள் அங்கேதான் வெயிட்டராகவும் த்ரீவீல் ஓட்டியும் பிழைக்கிறார்கள். ஜெர்மன்கூடப் பேசுகிறார்கள்.

அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன பஸ். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்று. அவர் கட்டிய ஸ்டோர் இன்னும் ஓடுகிறது. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, சாமான் கடை இல்லை (இந்தப் பயணத்தில் நான் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தேன்). அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் மேலே ஏறினால் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டத்தைப் பார்த்த இடம். அவர் சிலையாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு மூடுபனி ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நாங்கள் போனபோது தெற்கே தாழ்நிலம் கடல்வரை விரிந்து கிடந்தது.

ஏறும் வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நண்பர் கையில் கமராவைக் கண்டதும் பழகிய சிரிப்போடு நிமிர்ந்தார். "போட்டோ? ஹன்ட்ரட் ருபீஸ்." நண்பர், "எடுக்கலாமாங்கம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் முகம் மாறிப்போனது. "தமிழாளுங்களா? அப்ப காசு வேணாம்." நண்பர் படமும் எடுக்கவில்லை. காசு கொடுக்கப் பார்த்தார், அவர் வாங்கவில்லை. பிறகு ஒரு கிலோமீற்றர் நாங்கள் யாரும் பேசவில்லை. என் சித்தி முப்பத்தைந்து வருடம் மலையில் நின்றவர். அவர் முகம் யார் யார் வீட்டுச் சுவரில், எந்தெந்த தேசத்துப் போன்களில் இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடிஷாம் பங்களாவுக்குப் போய் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் இங்கிலாந்து மாளிகை மாதிரி கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகள் மடம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில்தான் திறப்பார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஊர்க்காரன் அல்லவா. மடத்து ஜாம் வாங்க வேண்டும் என்றிருந்த நண்பரின் மனைவி என்னை மன்னிக்க இரண்டு பிளேன்டி தேவைப்பட்டது.

தாளில் கடைசி இடம் தியலும. 220 மீற்றர், இலங்கையில் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. அப்புத்தளையிலிருந்து வேன் பிடித்து இறங்கினோம். வழியில் கொஸ்லந்தை. அந்த ஊர்ப் பெயர்ப்பலகையைக் கண்டதும் நண்பர், "இங்கதானே?" என்றார். ஆமாம், இங்கேதான். மேலே ஏறும் பாதையில் மீரியபெத்தை.

2014 அக்டோபர் 29, காலை. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். மலை வழுக்கிக்கொண்டு வந்து லயங்களை மூடியது. கோவில் போனது, பால் சேர்க்கும் நிலையம் போனது. பள்ளியிலிருந்து திரும்பிவந்த பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை. மண்ணுக்கடியில் போனவர்களில் பலரை எடுக்கவே முடியவில்லை, தேடுவதை நிறுத்தி அந்த இடத்தையே புதைகுழியாக விட்டார்கள். அந்த மலை ஆபத்து என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக் கடிதம் யார் கைக்குப் போனது, லயத்து மனிதர் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, போக வேறு இடம் இருந்ததா? அந்த நாட்களில் நான் கொழும்பில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சரிந்த மண்ணுக்குள் தெரிந்த ஒரு தகரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்துக் கூரையும் அதே நீலப்பெயின்ட் தகரம்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். மேலே போகவா என்று கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பச்சைச் சரிவு. தெரியாதவர்கள் அழகாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தியலுமவில் தண்ணீர் நூல்மாதிரி விழுந்துகொண்டிருந்தது, பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வியாழக்கிழமை, சித்தி வீடு. ஹோட்டலிலிருந்து ஒன்பது கிலோமீற்றர், த்ரீவீலில் நாற்பது நிமிடம், கடைசி மூன்று கிலோமீற்றருக்கு ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. நமுனுகுல மலை பக்கத்திலேயே ஏறிக்கொண்டு வரும். 2036 மீற்றர், பெயருக்கு ஒன்பது சிகரம் என்று பொருள், எண்ணிப்பார்த்தால் எனக்கு ஒருநாளும் ஒன்பது வந்ததில்லை.

கொழுந்து மடுவத்தில் மத்தியான நிறுவை நடந்துகொண்டிருந்தது. கூடையை மாட்டுவார்கள், கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்வார், கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துச் சிட்டையில் எழுதுவார். என் அப்பாவும் இந்தச் சிட்டையைத்தான் எழுதினார். நண்பர் என் காதருகே, "அந்த லைப்ரரி கல்லு…" என்று தொடங்கினார். நான் முழங்கையால் இடித்தேன்.

கச்சான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஜூலை தொடக்கம் செப்டம்பர் வரை அந்த உலர்ந்த காற்று அடிக்கும்போது தேயிலைச்செடி வாட்டத்தில் நின்று தளிரை மெதுவாக விடும். அந்தத் தளிரில் ஒரு மணம் ஏறும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள்தான் காரணம், தலைவலித் தைலத்தில் இருப்பதும் அதுவே. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த இரண்டு மூன்று மாதத்து மணம், கொழும்பு ஏலத்தில் விலை எகிறுவதும் இப்போதுதான். மலையில் நிற்பவளுக்கு நிலைமை தலைகீழ். செடி வாடினால் கொழுந்து குறையும். குறித்த கிலோ எடுக்காவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான் போடுவார்கள். பேர் என்றால் ஒருநாள் சம்பளம். 2021இல் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு நாளுக்கு ஆயிரம் ரூபாய் ஆக்கினார்களே, நாங்கள் போன 2023இல் அதுதான். தேயிலையில் மணம் கூடக்கூடக் கூடையில் நிறை குறையும். என் அம்மா ஆகஸ்டை வெறுத்தார். நான் கொழும்பில் ஆகஸ்டுத் தேயிலை எப்போது வரும் என்று கேட்டு வாங்குகிறவன்.

சித்தி தேத்தண்ணி தந்தார். நண்பரின் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க, ஒரு தைல வாசம் வருது?" என்றார். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது, டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துவிட்டார். அதற்குத்தான் வெள்ளைக்காரன் காசு கொடுக்கிறான் என்று நான் விளக்கியதை இருவருமே நம்பவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இழுத்துக்கட்டிய தகரத் தாழ்வாரம். வரிசையில் நாலாவது. ஆறாவது நாங்கள் குடியிருந்தது. அப்பா வேலையில் உயர்ந்து ஸ்டாப் குவாட்டர்சுக்குப் போகும்வரை அங்கேதான். ஓய்வுபெற்றதும் குவாட்டர்சையும் விட்டோம். நூறு வருடத்துக்கு மேலாக இந்த மலையில் இருந்த குடும்பம், சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டியோடு பஸ் ஏறியது. தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பனி வைத்திருந்தது, 1975இல் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைத் திரும்பக் கம்பனிகளிடம் கொடுத்தது. யார் வைத்திருந்தாலும் லயம் எங்களுடையதாக இருந்ததில்லை, வேலை இருக்கும்வரை கூரை. இதை நண்பரிடம் வெளியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஆறாவது காம்பரா வாசலில் ஒரு சின்னப் பிள்ளை வந்து நின்று எங்களைப் பார்த்தது. உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. அது அவர்கள் வீடு.

"ஏன் ராசா, இங்க எடமில்லாமலா போச்சு?" என்றார் சித்தி, ரொட்டி தட்டிக்கொண்டே. "மூணு பேரும் இந்த மேல்காம்பராவுல படுத்திருக்கலாம். நாங்க குசினியில படுத்திருப்போம்."

அதற்குத்தான் சித்தி ஹோட்டல், என்று சொல்ல வாய் வரவில்லை.

நண்பர் பேச்சை மாற்ற, கோத்தகிரிப் பக்கம் தான் வேலை பார்த்ததைச் சொன்னார். அங்கே அரசு தேயிலைத் தோட்டம், டான்டீ, அதில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறைய. "அங்க அவங்களை சிலோன்காரங்கன்னு சொல்வாங்க" என்றார். சித்தி ரொட்டியைத் திருப்பிப்போட மறந்தார்.

"இங்க எங்கள இந்தியாக்காரங்கன்னு சொல்லுவாங்க" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எங்கக்கா அங்கதான் போச்சு. எழுவத்தி மூணுல."

1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, அட்டன் என்று நிலையம் நிலையமாக ஏற்றிக்கொண்டு தலைமன்னார் கப்பலுக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். சித்தி பதுளை நிலையத்துக்கு நடந்தே போனாராம், பதினேழு வயது. வண்டி நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியாகத் தன் கண்ணாடி வளையலைக் கழற்றிப் போட்டதாம். பிளாட்பாரத்தில் விழுந்து உடைந்துவிட்டது.

"முகவரி இருந்தா சொல்லுங்கம்மா, நான் போய்ப் பாக்கிறேன்" என்றார் நண்பர்.

"அது செத்துப் பதினோரு வருசம் ஆச்சு" என்றார் சித்தி. "பிள்ளைங்க இருக்குங்க. போன்ல பேசும்ங்க. முகந்தான் தெரியாது."

நண்பரின் மனைவி ரொட்டிக்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கருகிய ரொட்டியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் இருவரும் கண்டிக்கு ரயில். நான் மத்தியானம் கொழும்பு பஸ் என்று திட்டம். ஸ்டேஷனுக்கு வாங்களேன் என்று சித்தியைக் கூப்பிட்டிருந்தோம், வரமாட்டேன் என்றுவிட்டார். பதிலாக த்ரீவீல்காரத் தம்பி ஒரு பொதியோடு வந்தான். வாழையிலையில் ரொட்டி, கட்டச்சம்பல், பழைய பால்மாப் பாக்கெட்டில் ஸ்டோர்த் தூள்.

பதுளை நிலையம் சின்னது. தண்டவாளம் ஒரு தடுப்புக்கட்டையோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் ரயிலுக்கு வழியில்லை. ஊவாவில் நான் ஒரு பட்டியல் போட்டால் இதைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் போடமாட்டேன். நண்பர் அந்தத் தடுப்புக்கட்டை வரை நடந்துபோய், திரும்பி, பிளாட்பாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஐம்பது வருடத்து வளையலைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி போனது. ஹோட்டலுக்கு வந்து கணக்கை முடித்தேன். வரவேற்பு மேசைப் பையன் தாளைக் காட்டி, எல்லாம் பார்த்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டான். துன்ஹிந்தவில் தண்ணீர் இல்லை, அடிஷாம் மூடியிருந்தது என்றேன். பாவம், அவனே தண்ணீரை நிறுத்தியதுபோல் வருத்தப்பட்டான்.

வெளியே வரும்போது போன்.

"கோச்சி போயிருச்சா?"

"போயிருச்சு சித்தி."

"நீ?"

"பஸ் ரெண்டு மணிக்கு."

"நாளைக்குச் சனிக்கிழம. ஒனக்கு ஆபீஸ் இல்லைன்னு தம்பி சொன்னான்."

நிமிர்ந்து பார்த்தேன். த்ரீவீல்காரத் தம்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் நிலையத்தைப் பார்த்து நிறுத்தியிருந்த வண்டியை எப்போதோ பசறை வீதிப் பக்கம் திருப்பியிருந்தான்.